ஸ்ட்ரைடின் நீளத்தை விடுங்கள், கால் ஊன்றும் விதத்தைப் பாருங்கள்

பேஸ்பாலைப் போன்றதும் பந்தைக் கீழ்க்கையாக வேகமாக வீசுவதுமான ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் ஆட்டத்தைப் பார்க்கிற யாருக்கும் முதலில் கண்ணில் படுவது கைதான். தோளிலிருந்து ஒரு முழு வட்டம் சுற்றி இடுப்புக்குப் பக்கத்தில் பந்தை விடுகிற அந்த விண்ட்மில் வீச்சு அவ்வளவு சீக்கிரம் முடிந்துவிடுவதால், வேறு எதையும் கவனிக்க நேரமே இருக்காது. அதனால் பிட்ச்சிங், அதாவது பந்துவீச்சு, கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளும், கூடவே வருகிற பெற்றோரும், ஏன் சில கோச்களும்கூட, வேகம் வேண்டுமென்றால் கையை இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும் என்றே நினைக்கிறார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் காலைப் பற்றிப் பேசுவார்கள். ஆனால் அவர்கள் பேசுவதும் பெரும்பாலும் ஒரே ஒரு சங்கதிதான்: ஸ்ட்ரைட், அதாவது வீசும்போது முன்னால் பாய்ந்து வைக்கிற காலடி, எவ்வளவு நீளம்? தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, "இதைத் தாண்டிக் கால் வை" என்று பயிற்சி. அடுத்த வாரம் அந்தக் கோடு இன்னும் அரை அடி முன்னால் போகும்.

என்னைக் கேட்டால், பாதிப் பிரச்சினை அந்தக் கோட்டில்தான் ஆரம்பிக்கிறது. பின்காலால் சரியாகத் தள்ளினால் ஸ்ட்ரைட் தானாக நீளும். நீளத்தையே குறியாக வைத்துக்கொண்டால் கால் மட்டும் முன்னால் போகும், உடம்பு பின்னாலேயே தங்கிவிடும், பந்தின் வேகம் ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். பின்காலில் சேர்த்த வேகத்தைப் பந்துக்கு மாற்றிக் கொடுப்பது முன்கால். அது எப்படி ஊன்றுகிறது, ஊன்றும்போது கை எங்கே இருக்கிறது, ஊன்றிய பிறகு முழங்கால் என்ன செய்கிறது என்ற மூன்றும்தான் முக்கியம்.

சரி, முதலில் களத்தைப் பார்த்துவிடலாம். பெண்களுக்கான சர்வதேச ஆட்டத்திலும் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலும் பிட்ச்சர் கால் வைத்து நிற்கும் ரப்பர் பலகைக்கும், பந்தை அடிக்கிற பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி. ஆண்களுக்கு 46 அடி. சின்னப் பிள்ளைகளுக்கு வயதைப் பொறுத்து 35, 40 அடி என்று குறையும். பிட்ச்சர் ரப்பரை விட்டு முன்னால் வந்து பந்தை விடுவதால், 43 அடி என்பது உண்மையில் 37 அடிக்குச் சுருங்கிவிடுகிறது. மணிக்கு 70 மைல் வேகத்தில், அதாவது ஏறக்குறைய 113 கிலோமீட்டர் வேகத்தில், வருகிற பந்து அந்த 37 அடியைக் கடக்க 0.36 நொடி போதும். பேஸ்பாலில் 95 மைல் வேகப் பந்தை எதிர்கொள்பவருக்குக் கிடைப்பதும் கிட்டத்தட்ட அதே நேரம்தான். பிட்ச்சர் முன்னால் வருகிற ஒவ்வொரு அங்குலமும் பேட்டரின் நேரத்திலிருந்து கழிகிறது. நீளமான ஸ்ட்ரைட் மேல் எல்லோருக்கும் மோகம் வந்ததற்கு இந்தக் கணக்குதான் காரணம், அதில் தப்பும் இல்லை. ஆனால் பந்தின் வேகத்தில் இரண்டு மூன்று மைலை விட்டுக்கொடுத்து அரை அடி முன்னால் போனால், கூட்டிக் கழித்துப் பார்க்கையில் மிச்சம் ஒன்றும் இருக்காது.

இன்னொரு வித்தியாசம் மேடு. பேஸ்பால் பிட்ச்சர் 10 அங்குல உயர மேட்டிலிருந்து சரிவில் இறங்கி வருகிறார், புவியீர்ப்பு அவருக்குக் கொஞ்சம் கைகொடுக்கும். சாஃப்ட்பாலில் அந்த வசதி கிடையாது. 8 அடி ஆரமுள்ள வட்டம், நடுவே 24 அங்குல அகல ரப்பர், எல்லாம் சமதளம். முன்னோக்கிய வேகம் முழுவதையும் பிட்ச்சர் தன் காலால்தான் உண்டாக்க வேண்டும். போதாக்குறைக்கு, ஸ்ட்ரைட் கால் அந்த 24 அங்குல அகலத்துக்குள்தான் இறங்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது.

வலது கை பிட்ச்சர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது கால் ரப்பரில் இருக்கும். அதுதான் டிரைவ் கால், தள்ளுகிற கால். இடது கால் முன்னால் போய் ஊன்றுகிற ஸ்ட்ரைட் கால். ஆரம்பத்தில் எடை கொஞ்சம் பின்னால் போகிறது, பிறகு இடுப்பு மடிந்து, எடை முழுவதும் வலது பாதத்தின் முன்பகுதிக்கு வருகிறது. இந்த இடத்தில் பார்க்க வேண்டியது கெண்டைக்கால் எலும்பின் சாய்வு. முழங்கால் பாதத்தின் விரல்களைத் தாண்டி முன்னால் சாய்ந்திருந்தால், தள்ளும்போது விசை முன்னோக்கிப் போகும். கெண்டைக்கால் செங்குத்தாக நிற்கும்போது தள்ளினால் விசை மேல்நோக்கிப் போகும், பிட்ச்சர் குதிப்பார். குதிப்பது பார்வைக்கு வேகமாகத் தெரியும், தலை எழும்பும், கால் தரையை விட்டு நன்றாக உயரும், பார்க்கிறவர்கள் "என்ன சக்தி" என்பார்கள். ஆனால் மேலே போன உயரம் முழுக்க வீண், அதில் துளிகூடப் பந்துக்கு வந்து சேராது. பக்கவாட்டிலிருந்து காணொளி எடுத்து, தலையின் உயரத்துக்கு ஒரு கிடைக்கோடு வரைந்து பாருங்கள். நல்ல பிட்ச்சரின் தலை அந்தக் கோட்டை ஒட்டியே போகும், கொஞ்சம் இறங்கக்கூடச் செய்யும்.

தள்ளுவது என்றால் முழங்காலை நீட்டுவது மட்டும் இல்லை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் அடுத்தடுத்து விரிய வேண்டும். பெரிய வேலை புட்டத் தசைகளுக்கு. தொடையின் முன்பக்கத் தசையை மட்டும் நம்பித் தள்ளுகிறவர்கள் சீக்கிரம் களைத்துவிடுவார்கள். இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும், பலர் இதைக் கவனிப்பதே இல்லை. இடது காலும் சும்மா போவதில்லை. அது முன்னால் வீசப்படும் வேகமே உடம்பை இழுத்துச் செல்கிறது. முழங்காலை நெஞ்சு வரை உயர்த்தி நிதானமாக இறக்குகிற பிட்ச்சருக்கு இந்த உதவி கிடைக்காது. பாதம் தரையை ஒட்டியே சட்டென்று முன்னால் பாய்ந்தால்தான் கிடைக்கும். பின்கால் தள்ளுவதும் முன்கால் பாய்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். முதலில் காலைத் தூக்கி, அப்புறம் தள்ளுகிற பழக்கம் வந்துவிட்டால் அதைத் திருத்துவது பெரும்பாடு.

தள்ளிய பிறகு உடம்பு திரும்புகிறது. ரப்பரில் பேட்டரைப் பார்த்து நின்ற இடுப்பு, காற்றில் போகும்போது மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது அவருடைய வலப்பக்கம், திறந்துகொள்கிறது. கை உடம்பை ஒட்டி நேர்கோட்டில் வட்டம் சுற்ற வழி வேண்டுமே, அதற்காகத்தான். இடுப்பு திறக்காவிட்டால் கை தன் பாதையில் இடுப்பையே இடிக்கும், இடிக்காமல் இருக்க வட்டத்தை வெளியே தள்ளும், பந்து எங்கேயோ போகும்.

திறந்த இடுப்பை எப்போது, எவ்வளவு மூடுவது? இதில்தான் கோச்களுக்குள் சண்டை. பழைய பாடம், பந்தை விடும்போது இடுப்பை டக்கென்று முழுதாக மூடிப் பேட்டரை நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்பது. இன்னமும் பல இடங்களில் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் உயர்மட்டப் பிட்ச்சர்களின் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், பந்து விரலை விட்டுப் போகிற கணத்தில் இடுப்பு இன்னும் பாதி திறந்தேதான் இருக்கிறது, முழுதாக மூடுவது பந்து போன பிறகு. நான் இந்தப் பக்கம்தான். காரணம் எளிது. பந்தை விடுவதற்குச் சற்று முன் முன்கை இடுப்பின் பக்கவாட்டில் உரசிப் போகிறது. அந்த உரசலில் மேல்கை தடைப்பட்டு வேகம் குறைய, முன்கையும் மணிக்கட்டும் சொடுக்கிக்கொண்டு முன்னால் பாய்கின்றன. இடுப்பு முன்கூட்டியே மூடிவிட்டால் கையின் வழியில் உடம்பு வந்து நிற்கும், முழங்கை வெளியே போகும், பந்தை மேலே தூக்கி விடுகிற கெட்ட பழக்கமும் சேர்ந்துகொள்ளும்.

இனி முன்கால் ஊன்றுவதற்கு வருவோம்.

வேகமாகப் போகிற பேருந்தில் திடீரென்று பிரேக் போட்டால் நிற்கிறவர்கள் முன்னால் தூக்கி எறியப்படுவார்கள் அல்லவா, முன்கால் செய்வது அந்த பிரேக் வேலை. டிரைவ் கால் தள்ளியதால் மொத்த உடம்பும் முன்னால் போய்க்கொண்டிருக்கிறது. முன்கால் ஊன்றியதும் கீழ்ப்பாதி நிற்கிறது. அங்கே நின்ற வேகம் மேலே ஏறுகிறது. இடுப்பின் வேகம் உச்சத்துக்குப் போய் இறங்கும்போது மார்பின் வேகம் ஏறும், அது இறங்கும்போது மேல்கை, பிறகு முன்கை, கடைசியில் விரல்கள். கீழே இருக்கிற ஒவ்வொரு பகுதியும் வேகம் குறைந்தால்தான் மேலே இருப்பதற்கு வேகம் கூடும். ஆகவே பிட்ச்சிங்கில் தள்ளத் தெரிந்தால் மட்டும் போதாது, நிறுத்தவும் தெரிய வேண்டும். இளம் பிட்ச்சர்களை, கால் தரையை அழுத்தும் விசையைக் காட்டுகிற விசைத்தட்டில் வீச வைத்து அளந்தபோது, முன்கால் ஊன்றுகையில் தரையில் விழும் செங்குத்து விசை உடல் எடையில் ஏறக்குறைய 1.4 மடங்கு இருந்தது, முன்னே போவதைத் தடுக்கிற விசையே உடல் எடையைத் தாண்டியது. ஐம்பது கிலோ எடையுள்ள சிறுமி ஒவ்வொரு பந்துக்கும் ஒற்றைக் காலில் இதைத் தாங்குகிறாள். பின்காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்து முன்காலை விட்டுவிடுகிற திட்டங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

இந்த பிரேக் பிடிக்க வேண்டுமென்றால் பாதம் உடம்பின் எடை மையத்துக்கு முன்னால் ஊன்ற வேண்டும், மார்பு அதற்குப் பின்னால் இருக்க வேண்டும். இடுப்பில் மடிந்து முன்னால் குனிந்தபடி ஊன்றினால் எடை பாதத்தைத் தாண்டிப் போய்விடும், பிறகு தரை எதைத் தடுக்கும்? புதிதாகக் கற்கிறவர்களிடம் மிக அதிகமாகப் பார்க்கிற குறை இதுதான். பந்து விட்டதும் இரண்டு அடி ஓடிப் போய் நிற்கிறார்களே, அது வேகத்தின் அடையாளம் இல்லை, பிரேக் பிடிக்கவில்லை என்பதன் அடையாளம். முதுகு நிமிர்ந்தோ துளி பின்சாய்ந்தோ இருக்கும் நிலையில் பாதம் ஊன்ற வேண்டும்.

பாதத்தின் கோணமும் முக்கியம். விரல்கள் நேராக, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கிற கேட்சரைப் பார்த்தால் இடுப்பு திறந்திருக்க முடியாது. முழுக்க மூன்றாம் பேஸ் பக்கம் திரும்பியிருந்தால் முழங்கால் பக்கவாட்டில் அடி வாங்கும், இடுப்பும் வந்து சேராது. பொதுவாக 30 முதல் 45 பாகை வரை சொல்வார்கள், அது நியாயமான அளவுதான், ஆளுக்கு ஆள் இடுப்பு மூட்டின் அமைப்பைப் பொறுத்துக் கொஞ்சம் முன்பின் இருக்கும். முழங்கால் லேசாக மடங்கி ஊன்றி, பிறகு மடங்காமல் எதிர்த்து நிற்க வேண்டும். பந்தை விடும் நேரத்தில் அது நிமிர ஆரம்பித்திருந்தால் இன்னும் நல்லது. ஊன்றிய பிறகு இன்னும் இன்னும் மடங்கிக்கொண்டே போனால் அங்கேயே வேகம் ஒழுகிப் போகிறது. இதற்கு நேர் எதிராக, காலை விறைப்பாக நீட்டிப் பூட்டிக்கொண்டு குதிகாலால் குத்துகிறவர்களும் உண்டு. வேகம் வரும், ஆனால் அதிர்ச்சி முழுவதும் மூட்டுக்குப் போகும்.

கை எங்கே இருக்கும்போது கால் ஊன்ற வேண்டும் என்பதற்கு வருவோம். கைவட்டத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டு பேசுவதுதான் வழக்கம். தலைக்கு மேலே 12 மணி, உடம்புக்குப் பின்னால் தோள் உயரத்தில் 9 மணி, தொடைக்குப் பக்கத்தில் 6 மணி. கை 12 மணியைத் தாண்டி 9 மணிக்கு வருவதற்குள் முன்கால் முழுதாக ஊன்றியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு பந்தை விடுவதற்கு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நொடிதான் இருக்கிறது, கை தன் வேகத்தைக் கூட்டுவது அந்தக் கடைசிக் கால்வட்டத்தில்தான். கால் தாமதமாக ஊன்றினால், கை ஊன்றுகோல் இல்லாமலே கீழே வந்துவிடும், அதாவது பிரேக் போடுவதற்குள் பந்து போய்விடும். ரொம்ப முன்னதாக, கை இன்னும் மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே ஊன்றினால், உடம்பின் வேகம் அடங்கி, மிச்சத்தைக் கை தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். நீளமான ஸ்ட்ரைடை வலிந்து போடுகிறவர்களுக்கு வருவது இதில் முதல் வகை. கால் காற்றில் அதிக நேரம் இருக்கிறது, கை காத்திருப்பதில்லை.

சரி, அப்படியானால் ஸ்ட்ரைட் எவ்வளவு நீளம் இருக்கலாம்? 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில்தான் சாஃப்ட்பால் முதல்முறையாக இடம்பிடித்தது. அங்கே வீசிய பிட்ச்சர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார்கள். அவர்களுடைய ஸ்ட்ரைட் சராசரியாக அவரவர் உயரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு இருந்தது. தங்கள் உயரத்தையே தாண்டி ஸ்ட்ரைட் போடுகிற பிட்ச்சர்களும் இருக்கிறார்கள். ஆனால் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கோடு போடாதீர்கள். ஒலிம்பிக் பிட்ச்சரிடம் அந்த நீளத்தைக் கொண்டுவருகிற தொடையும் புட்டமும் இருக்கின்றன, அந்த நீளத்தில் ஊன்றித் தாங்குகிற முன்காலும் இருக்கிறது. பிள்ளையிடம் இரண்டும் இல்லை. அவள் கோட்டைத் தொடுவதற்காகக் காலை நீட்டுவாள், குதிகால் முதலில் படும், எடை பின்காலிலேயே கிடக்கும், அப்புறம் இடுப்பை முன்னால் கொண்டுவர முதுகை வளைப்பாள்.

உயரமானவர்களுக்கு நீளம் இயல்பாக வரும் என்பது உண்மைதான். 2012இல் 77 மைல் வேகத்தில் வீசிப் பல ஆண்டுகள் சாதனையைத் தன்வசம் வைத்திருந்த இடது கை பிட்ச்சர் மோனிகா அபாட்டின் உயரம் 6 அடி 3 அங்குலம். 2025இல் 79.4 மைல் வரை போன டென்னசி பல்கலைக்கழகத்தின் கார்லின் பிக்கன்ஸும் ஆறு அடிக்கு மேல். நீண்ட கை, நீண்ட கால், இரண்டும் வரம். ஆனால் அதே உயரம் இருந்தும் 60 மைலைத் தாண்டாதவர்கள் எத்தனையோ பேர். உயரம் வாய்ப்பைத்தான் கொடுக்கும், ஊன்றுவதைக் கற்றுக்கொடுக்காது.

காணொளி இல்லாமலே கீழுடம்பைப் படிக்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்த வழி. பிட்ச்சர் பத்துப் பதினைந்து பந்து வீசி முடித்ததும் வட்டத்துக்குள் போய் மண்ணைப் பாருங்கள். ரப்பருக்கு முன்னால் ஒரு குழி இருக்கும், டிரைவ் கால் தள்ளிய இடம் அது. அதிலிருந்து கிளம்பி ஒரு கோடு போகும், பின்கால் பெருவிரல் நுனி மண்ணைக் கீறிக்கொண்டு வந்த தடம். கொஞ்சம் தள்ளி, முன்கால் ஊன்றிய தேய்மானம். மூன்றையும் சேர்த்துப் படித்தால் பாதிக் கதை தெரிந்துவிடும். கீறல் மெல்லியதாக, ஏறக்குறைய நேராக, முன்கால் தடத்தை நோக்கியே போனால் எல்லாம் ஒழுங்கு. உழுதது போல் ஆழமாக இருந்தால், எடை பின்காலை விட்டு வரவே இல்லை என்று அர்த்தம். தள்ளிய காலே இப்போது நங்கூரமாகி இழுத்துக்கொண்டிருக்கிறது. ஷூவின் நுனி மாதம் ஒருமுறை ஓட்டையாகிறது என்று பெற்றோர் புலம்பினால் இதையும் ஒருமுறை பாருங்கள். கீறல் அவளுடைய முதுகுப் பக்கமாக வளைந்து போனால் இடுப்பு அளவுக்கு மேல் திறந்துகொள்கிறது, முன்னால் போக வேண்டிய விசை சுழற்சியில் போகிறது. முன்கால் தடங்கள் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழாமல் ஒரு அடி வட்டத்துக்குச் சிதறிக் கிடந்தால், பந்து ஏன் பேட்டர் அடிக்கக்கூடிய எல்லைக்குள் விழுந்து ஸ்ட்ரைக் ஆவதில்லை என்று கையைத் திட்ட வேண்டாம்.

அந்தத் தடங்கள் எந்தப் பக்கம் விழுகின்றன என்பதையும் பாருங்கள். டிரைவ் பாதத்திலிருந்து ஹோம் பிளேட்டின் நடுவுக்கு ஒரு நேர்கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வலது கை பிட்ச்சரின் முன்கால் அந்தக் கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுந்தால், அவளுடைய இடுப்பே கைக்குக் குறுக்கே நிற்கும். இடப்பக்கம் ரொம்பத் தள்ளி விழுந்தால் உடம்பு முதல் பேஸ் பக்கம் சாய்ந்து போகும். கோட்டின் மேலேயோ அதற்குச் சற்று இடப்பக்கமோ விழுவதுதான் பாதுகாப்பு.

பின்கால் மண்ணில் இழுபடுவதற்கு விதியோடும் சம்பந்தம் இருக்கிறது. பின்கால் தரையைத் தொட்டபடி வருவது டிராக். இரண்டு காலும் ஒரே நேரத்தில் காற்றில் இருந்தால் லீப். காற்றில் போய், பின்காலை ரப்பருக்கு முன்னால் மறுபடி ஊன்றி, அங்கிருந்து இன்னொரு முறை தள்ளி வீசினால் குரோ ஹாப். ஆண்கள் சர்வதேச ஆட்டத்தில் லீப் நெடுங்காலமாகவே அனுமதி பெற்றது. பெண்கள் ஆட்டத்தில் அதைச் சட்டவிரோதமாக வைத்திருந்தார்கள், ஆனால் அம்பயர்கள் அதை ஒரே மாதிரி பிடித்ததே இல்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் பெருவிரல் மண்ணிலிருந்து அரை அங்குலம் எழும்பியதா இல்லையா என்று யார் பார்த்துச் சொல்வது? அண்மையில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டமும் லீப்பை அனுமதித்துவிட்டது. குரோ ஹாப் மட்டும் இன்னும் தப்புதான், அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன். லீப்பில் ஒரே தள்ளல்தான், கூடுதல் ஆதாயம் பெரிதாக இல்லை. குரோ ஹாப்பில் ரப்பரை விட்டு முன்னால் வந்து அங்கே புதிதாகத் தள்ளுவதால், 43 அடி என்ற தூரத்துக்கே பொருள் இல்லாமல் போகிறது. ஆனால் விதி தளர்ந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளைத் தாவச் சொல்லாதீர்கள். நன்றாகத் தள்ளுகிற பிட்ச்சருக்குக் கால் தானாக எழும்பலாம். எழும்ப வேண்டும் என்றே எழும்புகிறவள் மேலே சொன்ன குதிக்கிற பிட்ச்சராகத்தான் ஆவாள்.

அடுத்து காயம். கையைக் கீழே வைத்து வீசுவது இயற்கையான அசைவு, அதனால் தோளுக்கு ஒன்றும் ஆகாது, எத்தனை பந்து வேண்டுமானாலும் வீசலாம் என்ற நம்பிக்கை ரொம்ப நாளாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன அட்லாண்டா ஆய்வில், பந்தை விடும் நேரத்தை ஒட்டித் தோள் மூட்டைக் குழியிலிருந்து பிடுங்குகிற திசையில் வரும் விசை சராசரியாக உடல் எடையில் 80 சதவீதம் என்று அளந்தார்கள். கையில் அத்தனை எடை தொங்குவதாக வைத்துப் பாருங்கள். அதைப் பிடித்து நிறுத்துவதில் பைசெப்ஸ் தசைக்குப் பெரிய பங்கு, விண்ட்மில் பிட்ச்சர்கள் தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். கால் களைத்துப்போனால் தள்ளல் குறையும், ஊன்றுவது தாமதமாகும், ஆனால் ஸ்கோர்போர்டில் வேகம் குறையக் கூடாது என்று பிட்ச்சர் நினைப்பதால் குறைந்ததைக் கை ஈடுகட்டும். தோள் வலி என்று வருகிற பிட்ச்சரின் தோளை மட்டும் பார்த்து அனுப்புவது பாதி வைத்தியம். ஆறாவது, ஏழாவது இன்னிங்ஸில் முன்கால் எப்படி ஊன்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பானின் யூகிகோ உவெனோ ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் 318 பந்து வீசினார், மறுநாள் இறுதி ஆட்டத்தில் அமெரிக்காவுக்கு எதிராக இன்னும் 95, ஆக மொத்தம் 413, தங்கமும் ஜப்பானுக்கு. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் 39 வயதில் வந்து வீசி மறுபடி தங்கம். யாரும் இதைப் பார்த்துப் பின்பற்ற வேண்டாம், ஒரு வளரும் பிள்ளையை இப்படி வீச வைத்தால் அது கொடுமை. ஆனால் அவ்வளவு ஆண்டு அந்தத் தோள் தாக்குப்பிடித்ததற்கு, வேகத்தின் சுமையைக் காலும் இடுப்பும் ஏற்றுக்கொண்டது முக்கியக் காரணம் என்றே நான் நம்புகிறேன்.

பயிற்சி பற்றிச் சுருக்கமாக. கையை மட்டும் பிரித்துச் செய்கிற பயிற்சிகள், அதுவும் மண்டியிட்டு உட்கார்ந்து வீசுவது, மணிக்கட்டைச் சொடுக்குவது போன்றவை, பாதி நேரத்தைத் தின்றுவிடுகின்றன. கையும் காலும் ஒத்துப்போகும் நேரம்தான் கைவர வேண்டிய வித்தை, அதைப் பிரித்துப் பிரித்துச் செய்தால் எப்படி வரும்? ரப்பருக்குப் பின்னாலிருந்து இரண்டு எட்டு நடந்து வந்து வீசுவது நல்லது, நடையே உடம்பை முன்னால் கொண்டுபோகும், தள்ளுவதன் உணர்வு பிடிபடும். வீசி முடித்ததும் முன்காலில் மட்டும் இரண்டு நொடி நின்று காட்டச் சொல்வது இன்னும் நல்லது. நிற்க முடியாமல் முன்னால் விழுந்தால் குனிகிறாள், முதல் பேஸ் பக்கம் தள்ளாடினால் கால் கோட்டை விட்டு விலகி ஊன்றுகிறது, பின்னால் சரிந்தால் ஸ்ட்ரைட் அளவுக்கு மேல் நீளம். தனியாகக் கருவி எதுவும் வேண்டாம். மைதானத்துக்கு வெளியே ஒற்றைக்கால் உட்கார்ந்தெழல், பக்கவாட்டில் ஒரு காலிலிருந்து மறு காலுக்குத் தாவி அசையாமல் நிற்பது, எடை ஏற்றிய சறுக்குப் பலகையைத் தள்ளுவது ஆகியவை உதவும். தாவுவதைவிட அசையாமல் நிற்பதற்கு அதிக மதிப்பெண் கொடுங்கள்.

வேகம் குறைத்து எடுக்கிற வசதி இப்போது பெரும்பாலான போன்களில் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்து, மூன்றே மூன்று சட்டகங்களில் நிறுத்திப் பாருங்கள். டிரைவ் கால் ரப்பரை விடும் கணத்தில் கெண்டைக்கால் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, முன்பாதம் முழுதாக ஊன்றும்போது கை எத்தனை மணியில் இருக்கிறது, பந்து விரலை விடும்போது முன்முழங்கால் மடங்குகிறதா நிமிர்கிறதா. குறை தெரிந்தால் இதே வரிசையில் திருத்துங்கள். தள்ளுவது கோணலாக இருக்கையில் ஊன்றுவதைச் சரிசெய்ய முடியாது, ஊன்றுவது தப்பாக இருக்கையில் கையைச் சரிசெய்தால் அது இரண்டு வாரம்கூடத் தாங்காது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பிள்ளைகள் சட்டென்று வளரும்போது இந்தக் கணக்கெல்லாம் மாறும். கால் நீண்டிருக்கும், அதைத் தாங்குகிற பலம் இன்னும் வந்திருக்காது, நேற்று வரை ஒழுங்காக வீசியவள் இன்று தடுமாறுவாள், வேகம்கூட ஓரிரு மைல் இறங்கும். அந்தச் சமயத்தில் ஸ்ட்ரைடைக் கொஞ்சம் குறைத்து, நிமிர்ந்து ஊன்றி நிற்பதற்கு மட்டும் ஒரு பருவம் ஒதுக்கிவிட்டால் போதும், பலம் வர வர நீளமும் பின்னாலேயே வரும்.